பூட்டு ஊரும் கார் இன்சூரன்சும்

போன வாரம் கார் இன்சூரன்ஸ் முடியப்போகுதுன்னு ஒரு குறுஞ்செய்தி வந்துச்சு. அன்னைக்கு ஆரம்பிச்சது போன் தொல்லை. "சார், உங்க பழைய கம்பெனியை விட 1200 ரூபாய் குறைச்சுத் தர்றோம்"னு ஒரு அம்மணி. "பம்பர் டு பம்பர் போட்டுக்கோங்க சார்"னு ஒரு தம்பி. எல்லாருமே குறைக்கிற வழியைச் சொல்றாங்க. எதைக் குறைக்கலாம், எதைத் தொடவே கூடாதுன்னு ஒருத்தரும் சொல்லலை. எனக்கு அது புரிஞ்சது எங்க பெரியப்பாவால. அவர் கதையில இருந்தே ஆரம்பிக்கிறேன். கொஞ்சம் நீளமாத்தான் போகும், பொறுத்துக்கோங்க மக்களே.

பெரியப்பா திண்டுக்கல்ல பூட்டு வியாபாரி. கடைக்கு மூணு பூட்டு, வீட்டுக்கு ரெண்டு, ஊருக்குப் போனா பெட்டிக்கு ஒண்ணு. அப்படி ஒரு ஜாக்கிரதையான ஆளு. எண்பதுகள்ல ஒரு பழைய பியட் கார் வாங்கினார். 1987 தை மாசம், விடியறதுக்கு முன்னாடி ஒட்டன்சத்திரத்துக்குக் கிளம்பியிருக்கார். ரெட்டியார்சத்திரம் தாண்டினதும், பழனிக்குப் பாதயாத்திரை போய்க்கிட்டிருந்த ஒருத்தர் மேல கார் மோதிடுச்சு. உயிர் பிழைச்சார், ஆனா ஒரு கால் போயிடுச்சு.

போலீஸ்காரர் இன்சூரன்ஸைக் கேட்டார். பெரியப்பா எடுத்து நீட்டினார். முடிஞ்சு 11 நாள் ஆகியிருந்துச்சு! பொங்கல் வியாபாரத்துல மறந்துட்டார். கடைசில கோர்ட் சொன்ன நஷ்ட ஈடு முழுசும் அவர் கையில இருந்துதான் போச்சு. அதுக்காகக் கிணத்தோட இருந்த ஒரு ஏக்கரை வித்தார். எல்லாத்துக்கும் பூட்டு போட்ட மனுஷன், இதை மட்டும் திறந்து போட்டுட்டார்.

சரி, இந்த இன்சூரன்ஸை முதல்ல யார், எதுக்குக் கட்டாயமாக்கினாங்க?

கார் வந்து ரொம்ப காலத்துக்கு அது அவங்கவங்க இஷ்டம்தான். மோதினவன்கிட்ட காசு இருந்தா அடிபட்டவனுக்கு ஏதாவது கிடைக்கும். இல்லைன்னா தீர்ப்புக் காகிதத்தை வச்சுக்கிட்டு உக்கார வேண்டியதுதான். இங்கிலாந்துல 1930ல ஒரு சட்டம் போட்டு இதுக்கு வழி பண்ணாங்க. அதே வழியில இங்கே 1939 மோட்டார் வாகனச் சட்டத்துல எட்டாவது அத்தியாயத்தைச் சேர்த்தாங்க. ஆனா அந்த அத்தியாயம் அமலுக்கு வந்தது 1946 ஜூலை 1ஆம் தேதிதான். சுதந்திரத்துக்கு ஒரு வருஷம் முன்னாடி.

இங்கே ஒண்ணைக் கவனிக்கணும். சட்டம் கட்டாயமாக்கினது காருக்கான இன்சூரன்ஸை இல்லை. ரோட்டுல நடந்து போறவனுக்கான இன்சூரன்ஸை. பாலிசியில கையெழுத்துப் போடுற முதல் ஆள் நீங்க, ரெண்டாவது ஆள் கம்பெனி. அந்த ஒப்பந்தத்தைப் பத்தி எதுவுமே தெரியாம ரோட்டோரமா நடக்கிறார் பாருங்க, அவர்தான் மூணாவது ஆள், தேர்ட் பார்ட்டி. காவடி தூக்கிக்கிட்டுப் பழனிக்குப் போறவர்தான் சார் அது.

1956ல சட்டத்தைத் திருத்தி, விபத்து வழக்குக்குன்னு தனித் தீர்ப்பாயத்துக்கு வழி செஞ்சாங்க. 1980ல தமிழ்நாட்டுல இருந்து ஒரு வழக்கு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போச்சு. ராத்திரியில ஒரு தனியார் பஸ், தொங்கிக்கிட்டிருந்த மின்கம்பியில மோதி 8 பேர் அந்த இடத்துலயே இறந்துட்டாங்க. கிரிமினல் வழக்குல டிரைவர் விடுதலை ஆயிட்டார், அதனால நஷ்ட ஈடு கேட்க முடியாதுன்னு வாதம். நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர் அதை ஏத்துக்கலை. அது வேற, இது வேறன்னுட்டார். 1982ல, யார் மேல தப்புன்னு பார்க்காமலே இறப்புக்கு 15,000, நிரந்தர ஊனத்துக்கு 7,500 ரூபாய் தரணும்னு சட்டத்துலயே வந்துச்சு. பின்னாடி அந்தத் தொகையைக் கூட்டிக்கிட்டே வந்தாங்க. 2019 திருத்தத்துல அது 5 லட்சம், இரண்டரை லட்சம்னு ஆச்சு.

இன்னொரு பக்கம் கம்பெனிகளோட கதை. 1973 ஜனவரி 1ல பொது இன்சூரன்ஸ் தேசியமயம் ஆச்சு. 107 கம்பெனிகளை நாலா சுருக்கினாங்க. சென்னையைத் தலைமையிடமா வச்ச யுனைடெட் இந்தியா அதுல ஒண்ணு. எந்தக் கம்பெனிக்குப் போனாலும் ஒரே ரேட்டுதான், கட்டண அட்டவணையில இருக்கிறதுதான் விலை. அதனால அன்னைக்குக் கம்பெனியைத் தேர்ந்தெடுக்கிறதுன்னா எந்த ஏஜெண்ட் நமக்குச் சொந்தம்னு பார்க்கிறதுதான். 2000ல தனியார் உள்ளே வந்தாங்க. 2007 ஜனவரி 1ல, நம்ம வண்டிக்கு வர்ற சேதத்துக்கான பிரீமியத்தைக் கம்பெனிகளே நிர்ணயிக்கலாம்னு விட்டாங்க. தேர்ட் பார்ட்டி கட்டணத்தை மட்டும் அரசுத் தரப்புலயே வச்சுக்கிட்டாங்க. போன்ல பேரம் நடக்கிறதே இந்த முதல் பாதியிலதான்.

கடைசி அத்தியாயம் நம்ம கோயமுத்தூர்ல இருந்து வந்துச்சு. கங்கா மருத்துவமனை எலும்பு முறிவு மருத்துவர் எஸ்.ராஜசேகரன் சாலை விபத்துகளைப் பத்தி 2012ல உச்ச நீதிமன்றத்துல பொதுநல வழக்கு போட்டார். முதல் வருஷத்துக்கு அப்புறம் பலபேர் இன்சூரன்ஸே கட்டறதில்லைன்னு அங்கே பேச்சு வந்துச்சு. 2018 செப்டம்பர் 1 முதல், புது காருக்கு 3 வருஷம், பைக்குக்கு 5 வருஷம் தேர்ட் பார்ட்டியை மொத்தமா எடுத்தாகணும்னு உத்தரவு ஆச்சு. பெரியப்பாவோட 11 நாள் மறதிக்கு 31 வருஷம் கழிச்சு வந்த மருந்துன்னு நான் நினைச்சுக்குவேன்.

வரலாறு போதும், காசு மேட்டருக்கு வருவோம்.

1. தேர்ட் பார்ட்டி: 2022 ஜூன்ல நிர்ணயிச்ச கட்டணம் 1000 சிசி வரைக்கும் 2094, 1500 சிசி வரைக்கும் 3416, அதுக்கு மேல 7897 ரூபாய் (வரி தனி). எந்தக் கம்பெனியும் இதுல குறைக்க முடியாது. மத்தவங்க சொத்துக்கு வர்ற சேதத்துக்கான வரம்பை ஏழரை லட்சத்துல இருந்து 6000 ரூபாய்க்கு இறக்கினா பிரீமியத்துல 100 ரூபாய் மிச்சம்பாங்க. தயவுசெஞ்சு செய்யாதீங்க. ஒரு காரோட ஹெட்லைட் உடைஞ்சாலே 6000 காணாது.

2. ஊர்: சென்னை, பெங்களூர் மாதிரி எட்டு நகரம் 'ஏ' மண்டலம். மதுரை, கோவை, நம்ம டிஎன் 57 எல்லாம் 'பி'. சொந்தச் சேதக் கட்டணம் நமக்குக் கொஞ்சம் கம்மி.

3. நோ கிளெய்ம் போனஸ்: நிஜமான காசு இங்கேதான். கிளெய்ம் பண்ணாத வருஷத்துக்கு 20, 25, 35, 45, 50 சதவீதம்னு ஏறும். உதாரணத்துக்கு 3000 ரூபாய் பிளாஸ்டிக் பம்பர் உடையுதுன்னு வைங்க. பிளாஸ்டிக்குக்குத் தேய்மானம் பாதி, மீதி 1500. அதுல கட்டாயக் கழிவு 1000. கைக்கு வர்றது 500 ரூபாய். உங்க சொந்தச் சேத பிரீமியம் 8000ன்னா அடுத்த வருஷம் போற போனஸ் 4000. சின்னக் கீறலுக்கெல்லாம் கிளெய்ம் போடாதீங்க. இந்த போனஸ் காருக்குச் சொந்தமில்லை, உங்களுக்குச் சொந்தம். வண்டியை வித்தாலும் புது வண்டிக்குக் கொண்டு போகலாம். ஆனா பாலிசி முடிஞ்சு 90 நாள் தாண்டினா போச்சு.

4. ஐடிவி: விலை குறைச்சுச் சொல்றவங்க பாதிப்பேர் இதைத்தான் குறைக்கிறாங்க. 6 லட்ச ரூபாய் காருக்கு மூணு வருஷம் முடிஞ்சா 40 சதவீதம் தேய்மானம், ஐடிவி 3,60,000. அவங்க 3 லட்சம்னு போட்டா, கார் திருடு போற அன்னைக்கு உங்களுக்கு நஷ்டம் 60,000.

5. கூடுதல் கவர்: சென்னையில 2015 வெள்ளத்துக்கு அப்புறம் இன்ஜின் கவர் எடுக்கிறது நியாயம். நம்ம ஊர்ல குளத்துக்கே தண்ணி வரலை. நான் எடுக்கலை. வண்டி ரொம்பப் பழசாயிட்டா தேர்ட் பார்ட்டி மட்டும் போதும்னும் முடிவு பண்ணலாம். ஆனா அதுல கூட வர்ற சொந்தபந்தத்துக்குப் பாதுகாப்பு இருக்காதுங்கிறதை மறந்துடாதீங்க.

6. பழைய கார்: வாங்கினதும் 14 நாளுக்குள்ள பாலிசியை உங்க பேருக்கு மாத்துங்க. தேர்ட் பார்ட்டி தானா கூட வந்துடும். உங்க வண்டிக்கான பாதுகாப்பு வராது.

7. பூட்டு: அங்கீகாரம் பெற்ற திருட்டுத் தடுப்புக் கருவிக்கு இரண்டரை சதவீதத் தள்ளுபடி உண்டு, அதிகபட்சம் 500 ரூபாய். 2019ல புவிசார் குறியீடு வாங்கின திண்டுக்கல் பூட்டை ஸ்டியரிங்ல மாட்டினா தருவாங்களான்னு ஏஜெண்டைக் கேட்டேன். மனுஷன் சிரிச்சே கொன்னுட்டார் :-)

இவ்வளவு கூட்டிக் கழிச்சும் மனசுல நிக்கிறது வேற. பெரியப்பாகிட்ட நிலம் இருந்துச்சு, வித்தார், கட்டினார். அன்னைக்கு அந்தக் காரை ஓட்டினவர் நிலமே இல்லாத ஒருத்தரா இருந்திருந்தா, கால் போன மனுஷனுக்கு என்ன கிடைச்சிருக்கும்? அந்தக் கேள்விக்கான பதில்தான் 1946ல வந்த சட்டம். மிச்சம் பிடிக்கிறதை நம்ம காரோட பங்குல பிடிப்போம். அவரோட பங்குல கை வைக்க வேண்டாம்.

பெரியப்பா அதுக்கப்புறம் கடைசி வரைக்கும் கடைக் காலண்டர்ல பாலிசி முடியறதுக்கு ஒரு மாசம் முன்னாடியே சிவப்பு மையில வட்டம் போட்டு வைப்பார். நானும் அப்படித்தான் செய்யறேன். இந்த வருஷம் 12 நாள் முன்னாடியே கட்டியாச்சு.

டிஸ்கி: நான் ஏஜெண்ட் இல்லை, போன் பண்ணிக் கேட்காதீங்க. உங்க வண்டி பாலிசி எந்தத் தேதியில முடியுதுன்னு மட்டும் இப்பவே ஒரு தடவை எடுத்துப் பாருங்க.