சறுக்கு நடனக்காரரின் தேகப்பயிற்சி — ஒரு வரலாற்று நோக்கு

பனித்தளத்திலே சுழன்றாடும் சறுக்கு நடனக்காரரைக் காண்போர் கண்ணுக்கு முதற்கண் புலனாவது நளினமேயன்றி வலிமையன்று. அவ்வாறு தோன்றச் செய்தலே அக்கலையின் இலக்கணமுமாம். ஆயின், இற்றைநாட் போட்டியாளர் தேகாப்பியாசசாலையிற் பாரந் தூக்கியும், பெட்டிகள்மீது தாவியும், ஒற்றைக்காலில் நின்று உடலை நிலைநிறுத்தியும் ஈட்டிய வலிமையின்றி அந்நளினம் ஒரு கணமும் நில்லாது. நூற்றைம்பது ஆண்டுக்கு மேற்பட்ட வரலாறுடைய இக்கலையில் வலிமைப் பயிற்சி இடம்பெற்றது மிகப் பிந்தியே. அது ஏன் பிந்தியது, பின்னர் எதனால் வந்தது என ஆராயுமிடத்து, அதற்குரிய விடை உடற்கூற்று நூல்களிலும் பார்க்கப் போட்டி விதிகளிலேயே பெரிதும் காணப்படுகின்றது.

இக்கலையின் தந்தையெனப் போற்றப்படும் யாக்சன் ஹெயின்ஸ் என்னும் அமெரிக்கர் நடனம் பயின்றவர். 1860களில் ஐரோப்பா சென்ற அவர், பலே என்னும் மேலைநாட்டு ஆடலையும் இசையையும் பனிமேற் கொணர்ந்து வியன்னா நகரத்தாரின் உள்ளங்களைக் கவர்ந்தார். அக்காலத்து இங்கிலாந்திலோ விறைத்த முதுகே கண்ணியமெனக் கொள்ளப்பட்டது. அங்கே அவருக்குப் பெரும் மதிப்புக் கிட்டாமை வியப்பன்று. அவர் காட்டிய வழியிலே சறுக்காளர் தரையிற் கொண்ட முதற் பயிற்சி பலே ஆடலேயாயிற்று. 1927 தொடக்கம் 1936 வரை ஆண்டுதோறும் உலகப் பட்டம் வென்ற நோர்வே நாட்டுச் சோன்யா ஹெனியும் பலே பயின்றவரே.

1892இல் சர்வதேசச் சறுக்குச் சங்கம் நிறுவப்பட்டது. முதல் உலகப் போட்டி 1896இல் சென் பீற்றர்ஸ்பேர்க் நகரில் நிகழ்ந்தது. போட்டியின் பெரும்பகுதி “கட்டாய உருவங்கள்” வரைதலாகும். எட்டு என்னும் இலக்கம்போல இணைந்த வட்டங்களைச் சறுக்குப் பாதணியின் அலகினாற் பனிமேல் வரைந்து, வரைந்த கோட்டின் மேலேயே மீண்டும் மீண்டும் வழுவாது செல்லல் வேண்டும். நடுவர்கள் குனிந்து நின்று கோட்டைப் பார்வையிடுவர். நெடுங்காலம் மொத்தப் புள்ளிகளில் நூற்றுக்கு 60 இவ்வுருவங்களுக்கே உரியதாயிருந்தது. நாள்தோறும் பல மணிநேரத்தை அவையே விழுங்கின. அவற்றுக்கு வேண்டியன பொறுமை, நிதானம், சமநிலை என்பனவே. பாரந் தூக்கிய தொடையால் அங்கே யாதும் ஆவதில்லை. 1972ஆம் ஆண்டுச் சப்போரோ ஒலிம்பிக்கில் ஒஸ்திரிய வீராங்கனை பெயாற்றிக்ஸ் ஷூபா தனியாடலில் ஏழாம் இடமே பெற்றும், உருவங்களில் ஈட்டிய புள்ளிகளாற் தங்கப்பதக்கம் பெற்றார். தனியாடலில் முதலிடம் பெற்ற அமெரிக்கராகிய ஜனெற் லின்னுக்குக் கிடைத்தது வெண்கலமே. விதி அத்தகையதாயிருக்க, வலிமையை நாடுவார் யார்?

பாய்ச்சல்கள் அக்காலத்தில் இல்லாமலில்லை. நோர்வே நாட்டவரான அக்செல் போல்சன் 1882இல் வியன்னாவில் ஒன்றரைச் சுற்றுப் பாய்ச்சலைச் செய்துகாட்டினார். 1948இல் அமெரிக்கராகிய றிச்சாட் பட்டன் அதனை இரண்டரைச் சுற்றாக்கினார். போட்டிக்கு முந்திய நாளிலேயே அது அவருக்குப் பயிற்சியில் முதன்முறை கைகூடியது. மறுநாள் ஒலிம்பிக் அரங்கிற் செய்துமுடித்த துணிவை என்னென்பது! 1952இல் ஒஸ்லோவில் மூன்று சுற்றுப் பாய்ச்சலையும் அவரே முதன்முதலிற் போட்டியில் நிறைவேற்றினார்.

வலிமைப் பயிற்சியை முறையாகப் புகுத்தியதிற் சோவியற் நாட்டுக்குப் பெரும்பங்குண்டு. சோடியாட்டத்தில் ஆடவன் பெண்ணைத் தலைக்குமேல் உயர்த்த வேண்டியிருத்தலின் அங்கே தேவை வெளிப்படையாயிருந்தது. கடும் பயிற்சிக்குப் பெயர்பெற்ற ஸ்ரனிஸ்லாவ் சுக் என்னும் பயிற்றுநரிடம் உருவான இரினா றொட்னினா, 1969இல் உலானோவுடன் சேர்ந்து, பலே நளினத்திற் சிறந்த பெலூசோவா–புரொற்றொப்பொப்பொவ் சோடியை வென்றார். வேகமும் விசையும் நளினத்தை வென்ற நாள் அதுவெனலாம். அதே காலப்பகுதியில் யூரி வேர்க்கொஷான்ஸ்கி என்னும் சோவியற் அறிஞர், மெய்வல்லுநருக்காக, உயரத்திலிருந்து குதித்து நிலத்தைத் தொட்டவுடன் மேலெழும் பயிற்சி முறையை வகுத்தார். இன்று சறுக்காளரின் தரைப்பயிற்சியில் அத்தகைய துள்ளல்கள் பிரிக்கவொண்ணாதன.

இதற்கிடையில் விதியும் மாறலாயிற்று. 1960களின் இறுதியில் உருவங்களின் பங்கு பாதியாயிற்று. 1973இற் குறும் ஆட்டம் சேர்க்கப்பட, அது மேலும் சுருங்கியது. 1990இல் ஹலிஃபக்ஸ் நகரில் நிகழ்ந்த உலகப் போட்டியோடு உருவங்கள் அறவே நீங்கின. விடுபட்ட மணிநேரங்கள் பாய்ச்சலுக்கும் தேகாப்பியாசசாலைக்கும் சென்றன. 1988இல் கனடா நாட்டவரான கேர்ற் பிறவுணிங் நான்கு சுற்றுப் பாய்ச்சலை முதன்முதலிற் போட்டியில் நிலைநாட்டியிருந்தமையால், இலக்கும் கண்முன்னே நின்றது.

ஈண்டுப் பௌதிகம் பயிலும் மாணவர் சிறிது கணக்கிட்டுப் பார்த்தல் நன்று. 0.5 செக்கன் அந்தரத்தில் நிற்பதற்கு உடல் ஏறத்தாழ 31 சதமமீற்றர் எழவேண்டும், 0.7 செக்கன் நிற்பதற்கோ 60 சதமமீற்றர் எழவேண்டும். நேரம் இரண்டில் ஒரு பங்கும் கூடவில்லை. உயரமோ ஏறக்குறைய இருமடங்காகின்றது. ஆகவே காலின் விசையை மட்டும் நம்பி நான்கு சுற்றை எட்டுதல் அரிது. எஞ்சியதைச் சுழற்சி வேகமே தரவேண்டும். கைகளை மார்போடு இறுக்கிக் கால்களைப் பின்னினால் சடத்துவத் திருப்பம் குறைந்து, கோண உந்தம் மாறாதிருக்க, வேகம் பெருகும். அவ்வேளையிற் கைகால்கள் வெளிநோக்கி விரிய முயலும். அவற்றைப் பற்றி நிறுத்துவது தோளும் வயிறும் முதுகும் சேர்ந்த நடுவுடல் வலிமையே. மறுபுறம், தசை மிகப் பருத்தால் சடத்துவமும் கூடும். பாரந் தூக்குதலைச் சறுக்காளர் நெடுங்காலம் ஐயுற்றதற்கு இது ஒரு காரணம். அவ்வையம் முற்றும் தவறன்று. ஆயினும் தசையின் பருமனைப் பெருக்காது அதன் விசையைக் கூட்டும் பயிற்சிகளும் உள என்பதை அவர்கள் பிந்தியே உணர்ந்தனர்.

எழுந்தவர் இறங்கியாகவும் வேண்டும். ஒற்றைக்காலில், பின்னோக்கி, ஒடுங்கிய அலகின்மேல் இறங்கும்போது தாக்கும் விசை உடல் நிறையின் ஐந்து மடங்கையும் கடக்கக்கூடியது. பாதணி கணுக்காலை இறுகப் பிணித்திருத்தலின் அவ்வதிர்ச்சி முழங்காலுக்கும் இடுப்புக்கும் முதுகுக்கும் செல்கின்றது. 1998இற் பதினைந்து வயதில் ஒலிம்பிக் தங்கம் வென்ற தாரா லிப்பின்ஸ்கி, பதினெட்டு வயதில் இடுப்பிற் சத்திரசிகிச்சை பெற்றார். உருசியாவின் எவ்கெனி பிளஷென்கோ 2014இற் சோச்சி அரங்கிலேயே முதுகு நோவினாற் போட்டியைக் கைவிட்டார். எனவே வலிமைப் பயிற்சி உயர எழுவதற்கு மட்டுமன்று, உடைந்துபோகாதிருத்தற்கும் வேண்டப்படுகின்றது.

2002இற் சோல்ற் லேக் நகரில் எழுந்த நடுவர் முறைகேட்டின் பயனாக, 2004இற் புதிய புள்ளிமுறை வந்தது. ஒவ்வொரு பாய்ச்சலுக்கும் தனி விலை குறிக்கப்பட்டது. ஆட்டத்தின் பிற்பாதியிற் செய்யும் பாய்ச்சலுக்குப் பத்திலொரு பங்கு மேலதிகமாகக் கொடுக்கப்பட்டது. களைத்த காலுடன் பாய்தலே இலாபமாயிற்று! அதனாற் தாக்குப்பிடிக்கும் பயிற்சியும் பெருகிற்று. இச்சலுகை 2018இல் ஒருசில பாய்ச்சல்களோடு மட்டுப்படுத்தப்பட்டது. அதே ஆண்டில் நேதன் சென் ஒலிம்பிக் தனியாடலில் ஆறு நாற்சுழற் பாய்ச்சல்களைச் செய்தார். 2022இல் இலியா மலினின் நான்கரைச் சுற்றையும் நிறைவேற்றினார்.

மகளிர் போட்டியில், வளர்ச்சியுறாத சிறுமியரின் ஒடுங்கிய உடலே சுழற்சிக்கு வாய்ப்பாகப் பல்லாண்டு பயன்பட்டது. 2022இற் சர்வதேசச் சங்கம் முதுநிலைப் போட்டிக்குரிய ஆகக்குறைந்த வயதைப் பதினைந்திலிருந்து பதினேழாகப் படிப்படியாக உயர்த்தத் தீர்மானித்தது. 2024–25 பருவத்தில் அது முழுமையாக நடைமுறைக்கு வந்தது. தோளும் இடுப்பும் அகன்ற பின்னரும் அதே சுற்றுக்களைச் சுற்ற விழையும் பெண்ணுக்கு, முன்னர் உடலின் சிறுமை இலவசமாக ஈந்ததைத் தேகாப்பியாசசாலையில் ஆண்டுக்கணக்கில் உழைத்தே பெறவேண்டியிருக்கின்றது.