இடுக்கி

கொதிக்கும் பாத்திரத்தை இருபுறமும் கவ்வி அடுப்பினின்று இறக்கும் கருவியையும், குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொள்ளும் செயலையும், வீட்டுக்கு வீடு உள்ள சந்து இடுக்கையும் ஒருங்கே நோக்கினால், இருபக்கமும் நெருங்கி நிற்றல் என்னும் ஒரே பொருளே அவற்றில் ஊடுருவி நிற்பது விளங்கும். மலையாளத்திலும் இடுக்கு என்பது குறுகிய வழியே. வடக்கே பாலக்காட்டில் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலத்துக்குக் கணவாயாகத் திறந்து காற்றுக்கும் வணிகத்துக்கும் வழிவிட்ட அதே மலைத்தொடர், தெற்கே குறவன், குறத்தி என்னும் இரு பாறைக்குன்றுகளாய் நெருங்கிப் பெரியாற்றை இறுக்கிய ஸ்தலத்துக்கு இப்பெயர் எத்துணைப் பொருத்தம்! இன்று அவ்விரு குன்றுகளையும் 555 அடி உயர வில்வளைவு அணை இணைக்கிறது.

1972 ஜனவரி 26இல் உதயமான மாவட்டமும் இப்பெயரையே ஏற்றது. 2001இல் 11,29,221 ஆக இருந்த ஜனத்தொகை 2011இல் 11,08,974 ஆகக் குறைந்தது. தேவிகுளம், பீருமேடு, உடும்பன்சோலைப் பகுதிகளின் தேயிலை, ஏலத் தோட்டங்களில் தலைமுறைகளாக உழைப்போருள் தமிழர் மிகப் பலர். ஆதலின், இடுக்கி தமிழுக்கு அந்நியமான பெயர் என்று எண்ணுவோர், அத்தோட்டக் குடியிருப்புகளின் பேச்சை ஒருமுறையேனும் செவிமடுத்தல் வேண்டும்.