பரிசலுக்குத் தோல் மாறிய கதை

ஒரு பரிசலின் காலத்தைச் சொல்ல வேண்டுமானால் அதைக் கவிழ்த்துப் போட்டு அடியைப் பார்க்க வேண்டும். உள்ளே இருக்கும் மூங்கில் பின்னல் ஐந்நூறு வருடமாகப் பெரிதாக மாறவில்லை. மாறிக்கொண்டே வந்தது வெளிப்போர்வைதான்.

தறிக்கார வீட்டில் பிறந்த எனக்குப் பரிசலோடு என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். எங்கள் ஜலகண்டாபுரத்தில் ஆறு இல்லை. ஆனால் நங்கவள்ளி வழியாக மேட்டூர் போய், அங்கிருந்து கொளத்தூர்ப் பக்கம் பஸ் ஏறினால் அணைத் தண்ணீர் வந்துவிடும். பண்ணவாடியில் என் தாய்மாமன் மீன்வளத் துறை உரிமம் வைத்துப் பரிசலில் மீன்பிடித்தார். கோடை விடுமுறைக்குப் போனால் எனக்குக் கிடைக்கும் வேலை, பரிசலின் அடியில் இருக்கும் பழைய தாரைச் சுரண்டுவது.

தாருக்கு முன்னால் இருந்தது மாட்டுத்தோல். 1520 வாக்கில் விஜயநகரம் வந்த போர்ச்சுகீசியர் டொமிங்கோ பயஸ், துங்கபத்திரையில் மக்கள் வட்டக் கூடைகளில் கடப்பதைக் கண்டு எழுதியிருக்கிறார். உள்ளே பிரம்பு, வெளியே தோல், பதினைந்து இருபது பேர் ஏறலாம், நேராகப் போகாமல் சுற்றிக்கொண்டே போகும் என்கிறார். 1803இல் மராத்தியர் மீது படையெடுத்த ஆர்தர் வெல்லெஸ்லி, ஆறுகளைக் கடக்க இதே தோல் பரிசல்களைச் செய்யச் சொன்னார். பின்னாளில் வாட்டர்லூவில் நெப்போலியனைத் தோற்கடித்த வெலிங்டன் பிரபு இவர்தான்.

தோல் பரிசலுக்கு ஒரு நிபந்தனை உண்டு. வேலை முடிந்ததும் கரையேற்றிக் காயவைத்தாக வேண்டும். ஊறிய தோல் கனக்கும், ஊறிக்கொண்டே கிடந்தால் அழுகும். ஆற்றைக் கடக்க மட்டும் பரிசல் பயன்பட்டவரை இது பெரிய தொல்லையில்லை. வெள்ளக் காலத்தில்தான் வேலை. தண்ணீர் வடிந்தால் சனம் நடந்தே கடக்கும், பரிசல் திண்ணையோரம் கவிழ்ந்து கிடக்கும்.

இந்தக் கணக்கை மாற்றியது மேட்டூர் அணை. 1925இல் வேலை தொடங்கி 1934 ஆகஸ்டில் திறந்தார்கள். சென்னை மாகாண ஆளுநர் ஸ்டான்லியின் பெயரை நீர்த்தேக்கத்துக்கு வைத்தார்கள். நீர்மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. பழைய பண்ணவாடி உட்படப் பல ஊர்கள் உள்ளே போயின. இன்றும் அணை வற்றினால் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியும் பழைய தேவாலயத்தின் இரட்டைக் கோபுரமும் வெளியே வரும்.

ஓடிய ஆறு தேங்கி நின்றதும் பரிசலின் தொழில் இரண்டானது. பண்ணவாடிக்கும் எதிர்க்கரை நாகமறைக்கும் ஆள் கடத்துவது ஒன்று. கட்லா, ரோகு, கெளுத்தி, ஜிலேபி என்று மீன்பிடிப்பது இன்னொன்று. சாயங்காலம் வலை விட்டு விடியற்காலை எடுக்கும் வேலைக்குப் பரிசல் நாள் தவறாமல் தண்ணீரில் கிடக்க வேண்டும். தோலை இங்கே தோற்கடித்தது இதுதான் என்பது என் கணிப்பு. சாலை போடத் தார் டிரம் டிரம்மாக வந்திறங்கிய காலமும் அதை ஒட்டியே வந்தது. காடாத்துணி, சாக்கு, பிறகு யூரியா மூட்டைப் பை என்று கிடைத்ததை மூங்கில்மேல் இழுத்துப் போர்த்தித் தார் பூசினார்கள்.

மாமா அந்த வேலையை நேரம் பார்த்துச் செய்வார். "மாப்ளே, வெயில் ஏறுறதுக்குள்ள சுரண்டிப்புடு. அப்புறம் அருவா தாருல ஒட்டிக்கும்" என்பார். இரவுக் குளிரில் இறுகிய தார், மழுங்கல் அரிவாளால் தட்டினால் ஓடு ஓடாகப் பெயரும். பத்து மணிக்கு மேல் அதே தார் இழுபடும், துணியும் சேர்ந்து கிழியும். சுரண்டி முடித்ததும் என்னைக் கவிழ்த்த பரிசலுக்குள் புகச் சொல்வார். உள்ளே கும்மிருட்டு. ஓட்டை இருக்கும் இடத்தில் மட்டும் ஊசிமுனை அளவு வெளிச்சம் தெரியும். நான் உள்ளிருந்து ஈர்க்குச்சியை நீட்ட, அவர் வெளியே வெற்றிலைச் சுண்ணாம்பால் பொட்டு வைப்பார். பொட்டு வைத்த இடத்துக்கெல்லாம் ஒட்டுத்துணி.

தார் காய்ச்சுவது உச்சிவெயிலில். அப்போதுதான் மூங்கிலும் துணியும் சூடேறிக் கிடக்கும், பூசியது உள்ளே இறங்கும். குச்சியில் சாக்கைச் சுற்றி, நடுவிலிருந்து விளிம்பை நோக்கிப் பூச வேண்டும். டிரம் பக்கம் ஈரக்கையோடு போனால் அடி விழும். கொதிக்கும் தாரில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தாலும் வெடித்துத் தெறிக்கும்.

தார் பூசிய பரிசல் நம் கண்டுபிடிப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஈராக்கில் டைக்ரிஸ் ஆற்றில் ஓடிய குஃபா என்ற வட்டப் படகுக்கு அடியெல்லாம் தார்தான். யூப்ரடிஸ் கரையில் ஹிட் என்ற ஊரில் அது நிலத்திலிருந்து ஊறி வருகிறது. அதே நாட்டில் தோல் போர்த்திய வட்டப் படகும் இருந்ததை ஹெரோடோட்டஸ் எழுதியிருக்கிறார். பாபிலோனில் சரக்கை இறக்கியதும் படகின் சட்டத்தை விற்றுவிட்டு, தோலை மட்டும் கழுதைமேல் ஏற்றிக்கொண்டு ஊர் திரும்புவார்களாம். வியட்நாமில் மூங்கில் கூடைப் படகுக்குச் சாணமும் மரப்பிசினும். வட்டமாகப் பின்னும் யோசனை எல்லா ஊரிலும் ஒன்றுதான். எதைப் போர்த்துவது என்பதை அந்தந்த ஊரில் மலிவாகக் கிடைப்பது தீர்மானித்தது.

இப்போது ஃபைபர் பரிசல்களும் வந்துவிட்டன. ஒகேனக்கல்லில் சுற்றுலாக்காரர்களை ஏற்றும் பரிசல்களில் மூங்கிலும் பிளாஸ்டிக்கும் தாரும் இன்னும் உண்டு. ஃபைபருக்கு வருடாந்தரச் சுரண்டல் இல்லை, தார்ப்புகை இல்லை, மூங்கில் தேடி அலைய வேண்டியதில்லை. தினம் மீன்பிடித்துப் பிழைப்பவர் அதை வாங்கினால் குறைசொல்ல நான் யார்? என் முழங்கையில் தார் பட்ட தழும்பு இன்னும் இருக்கிறது, மாமா கையில் அப்படி எத்தனையோ. ஒரு வித்தியாசத்தை மட்டும் சொல்லி வைக்கிறேன். மூங்கில் பரிசலில் ஓட்டை விழுந்தால் அடைப்பதற்கான துணியும் தாரும் கரையிலேயே இருக்கும், அடைக்கத் தெரிந்தவரும் அங்கேயே இருப்பார். ஃபைபரில் விரிசல் விட்டால் பிசின் வாங்க டவுனுக்குப் பஸ் ஏற வேண்டும். வருடம் முழுக்க மிச்சமாகும் வேலைக்கு இந்த ஒரு பஸ் டிக்கெட் அதிகமில்லை என்றுதான் மாமா மகனும் ஃபைபர் வாங்கியிருக்கிறான்.