வெட்டுப்பட்ட பொன்னும் மீன் பொறித்த செம்பும்

தல்லாகுளத்தில் எதிர்சேவை முடிந்து அழகர் இறங்கும் வைகை மணலை நாம் திருவிழாவோடு சேர்த்தே நினைத்துப் பழகியிருக்கிறோம். நாணயவியலாளருக்கோ அது வேறொரு களம். அந்த ஆற்றுப்படுகையிலும் மதுரையைச் சுற்றியும் கிடைத்த சின்னஞ்சிறு ரோமானியச் செப்புக்காசுகளைப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே சேகரிக்கத் தொடங்கிவிட்டனர். அவற்றைக் கொண்டு மதுரையில் ரோமானியர் குடியிருந்திருக்க வேண்டுமென 1904-இல் ராபர்ட் சீவெல் கருதினார்.

காசு கிடைத்த இடமெல்லாம் அதை அடித்தவனின் ஆட்சி நடந்ததாகுமா? புதுக்கோட்டைப் பகுதியின் கறுக்காக்குறிச்சியில் 1898-இல் 501 ரோமானியப் பொற்காசுகள் கிடைத்தன. அவற்றுள் பெரும்பாலானவற்றில் பேரரசனின் முகத்தின் குறுக்கே உளிவெட்டு விழுந்திருக்கிறது. இனி இது நாணயமாகச் செல்லக்கூடாது என்பதற்கான வெட்டு அது என்பது ஆய்வாளர் சிலர் தரும் விளக்கம். ஆண்டுதோறும் ஐந்து கோடி செஸ்டர்ஸ் இந்தியாவுக்குப் போகிறதென்று பிளினி புலம்பினார். அந்தப் பொன்னை இங்கே வாங்கியவர்கள் முகத்தைப் பார்க்கவில்லை. எடையையும் மாற்றையும் பார்த்தார்கள்.

பாண்டியரின் அதிகாரமோ எளிய செம்பில் இருக்கிறது. இரா. கிருஷ்ணமூர்த்தி 1980-களில் அறிமுகப்படுத்திய சதுரச் செப்புக்காசில் ஒருபுறம் குதிரையும் 'பெருவழுதி' என்ற தமிழ்ப் பிராமி எழுத்துகளும், மறுபுறம் மீனின் கோட்டுருவமும் உள்ளன. பாடல்களில் நாம் அறிந்திருந்த ஒரு குடிப்பெயர் அன்றாடக் கொடுக்கல் வாங்கலில் கைமாறியிருக்கிறது. தூரத்துப் பேரரசனின் பொன்னைவிட, உள்ளூர் மன்னனின் பெயரைச் சந்தைவரை கொண்டு சென்றது இந்தச் செம்புதான் என்று நமக்குத் தோன்றுகிறது.

வைகை மணலின் ரோமானியக் காசுகள் பெரும்பாலும் கி.பி. நான்கு, ஐந்தாம் நூற்றாண்டினவை. இத்தகைய காசுகள் இலங்கையிலும் ஏராளமாகக் கிடைக்கின்றன. அவற்றைப் பார்த்து அங்கேயே அடித்த போலிகளும் உண்டு. எனவே இவை குடியேற்றத்தின் சான்று என்பதைவிடச் சில்லறைத் தட்டுப்பாட்டின் சான்று எனக் கொள்வதே பொருத்தம்.

ஆனால் இதை உறுதிசெய்யக் காசு மட்டும் போதாது. வைகை கடலில் சேருமிடத்தருகே அழகன்குளத்தில், முறையான அகழாய்வில் கிடைத்த ரோமானியக் காசுக்குப் பக்கத்தில் பானை ஓடுகளும் மண்ணடுக்கும் சாட்சி சொல்கின்றன. மணலைச் சலித்து எடுத்து விற்ற காசுக்கு அந்தச் சாட்சி இல்லை. அள்ளப்படும் ஒவ்வொரு மணல்வண்டியோடும் நம் ஊரின் கணக்கேட்டில் ஒரு பக்கம் போய்விடுகிறது.