ரயரின் நூல் தெரிந்த வேளை

2022 ஆம் ஆண்டின் நடுப்பகுதியில், பெற்றோல் வரிசைகள் கிலோமீற்றர் கணக்கில் நீண்டு கிடந்த நாட்களில், கொழும்பில் எனக்கு அறிமுகமான இளம் பத்திரிகையாளர் ஒருவர் தம் தந்தையாரின் பழைய துவிச்சக்கரவண்டியைத் தூசு தட்டி எடுத்து வந்தார். புதிய ரயர் ஒன்றின் விலையைக் கேட்டுவிட்டுத் திகைத்துப் போயிருந்தார் அவர். "ஐயா, இந்த ரயரோடை இன்னும் எத்தனை நாள் ஓடலாம்?" என்று என்னிடம் கேட்டார். பின்சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிப் பார்த்தேன். பெருவிரலால் பக்கச்சுவரை அழுத்தினேன். அவ்வாறு அழுத்தும்போதுதான், அந்தப் பழக்கம் யாரிடமிருந்து எனக்கு வந்தது என்பது நினைவுக்கு வந்தது. அது யாழ்ப்பாணத்தில், கொக்குவிலில், 1990களின் முற்பகுதியில் நான் கற்ற பாடம். அதைச் சரியாகக் கற்கவில்லை என்பதையும் பின்னால் சொல்கிறேன்.

இறப்பர் ரயருக்கு வயது அதிகமில்லை. சார்ள்ஸ் குட்இயர் 1839 இல் இறப்பரைக் கந்தகத்தோடு சூடாக்கி உறுதியாக்கும் வழியைக் கண்டறிந்தார். 1845 இல் ரொபர்ட் வில்லியம் தொம்சன் என்னும் ஸ்கொட்லாந்துக்காரர் காற்றடைத்த ரயருக்குக் காப்புரிமை பெற்றார். பயன்படுத்த ஆளின்றி உலகம் அதை மறந்துபோனது. பெல்பாஸ்ற் நகரில் கால்நடை வைத்தியராக இருந்த ஜோன் பொய்ட் டன்லொப், தம் மகனின் முச்சக்கரவண்டி அதிராமல் ஓடவேண்டும் என்பதற்காக 1887 இல் அதையே மறுபடி கண்டுபிடித்தார். இடையில், 1884 இல் சான்பிரான்சிஸ்கோவிலிருந்து உயரச் சக்கரவண்டியில் உலகைச் சுற்றப் புறப்பட்ட தோமஸ் ஸ்ரீவன்ஸ், திண்ம இறப்பர் வளையங்களிலேயே ஓடினார். அவருடைய எலும்புகள் எவ்வளவு நொந்தனவோ, காற்றுப் போகும் கவலை மட்டும் அவருக்கு இருக்கவில்லை.

காற்றடைத்த ரயர் வந்தபின்னர்தான் "எப்போது மாற்றுவது" என்ற கேள்வி பிறந்தது. ஆரம்பத்தில் ரயரைச் சக்கரத்தோடு ஒட்டியே விட்டார்கள். ஒரு துளையை அடைக்க மணிக்கணக்காகும். பிசின் காய இரவொன்று வேண்டும். பிரான்சில் மிஷலின் சகோதரர்கள் கழற்றிப் பூட்டக்கூடிய ரயரை 1891 இல் கொண்டுவந்தார்கள். அவ்வாண்டே, பாரிஸிலிருந்து பிறெஸ்ற் வரை சென்று திரும்பும் ஏறத்தாழ 1,200 கிலோமீற்றர் போட்டியில் அந்த ரயரைப் பூட்டி ஓடிய சார்ள் தெரோன் வென்றார்.

ரயரின் ஆயுளைக் கூட்டிய மாற்றங்கள் இரண்டு. முதலாவது உள்ளே இருக்கும் துணி பற்றியது. ஆதியில் பாய்த்துணி போல ஊடும் பாவுமாக நெய்த பருத்தியை வைத்தார்கள். சக்கரம் உருளும்போது நூலை நூல் அறுத்தது. 1890களில் நூல்களை ஒன்றையொன்று பின்னாமல் ஒரே திசையில் அடுக்கி, அடுக்கின்மேல் அடுக்காக வைக்கும் முறை வந்தது. மற்றையது கரி. ஆதிகால ரயர்கள் வெள்ளையாகவோ சாம்பல் நிறமாகவோ இருந்தன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நுண்கரித் தூளைக் கலந்தபின் அவை கறுத்தன, தேய்மானமும் வெகுவாகக் குறைந்தது. ரயர் கறுப்பாக இருப்பது அழுக்குத் தெரியாமலிருக்க என்று சிறுவயதில் நான் நம்பியிருந்தேன்.

இந்தக் கதையில் இலங்கைக்கும் ஓர் இடம் உண்டு. ஹென்றி விக்ஹம் பிரேசிலிலிருந்து 1876 இல் கொண்டுசென்ற இறப்பர் விதைகள் இலண்டன் கியூ தோட்டத்தில் முளைத்தன. அந்த நாற்றுகளில் ஏறத்தாழ 1,900 அதே ஆண்டில் இலங்கைக்கு அனுப்பப்பட்டு, கம்பஹாவுக்கு அருகே ஹெனரத்கொட தோட்டத்தில் நடப்பட்டன. ஆசியாவின் இறப்பர்த் தோட்டங்களுக்கு அவை முன்னோடிகள். 1942 இல் மலாயாவும் டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகளும் ஜப்பானியர் வசமானபோது, நேசநாடுகளுக்கு இயற்கை இறப்பர் கிடைத்த முதன்மையான இடமாக இலங்கையே எஞ்சியது. மரம் பட்டாலும் பரவாயில்லை என்று பால்வெட்டினார்கள். பத்தாண்டு கழித்து, 1952 இல், அதே இறப்பரைச் சீனாவுக்குக் கொடுத்து அரிசி வாங்கும் ஒப்பந்தம் செய்தோம்.

ஆனால் இறப்பர் மரம் மழை நிறைந்த களுத்துறையிலும் கேகாலையிலும் இரத்தினபுரியிலும்தான் வளரும். யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் மண்ணில் பனை வளரும். எங்கள் ரயர்கள் ஆனையிறவைத் தாண்டியே வரவேண்டும். 1990 யூனில் மீண்டும் போர் தொடங்கியபின் அந்த வழி மூடப்பட்டது. மின்சாரம் நின்றது. பெற்றோல் அருமையாகி, கார்களும் மோட்டார் சைக்கிள்களும் மண்ணெண்ணெய்யில் இருமிக்கொண்டு ஓடின. ஊரியான் – கொம்படிப் பாதையில் சேற்றையும் தண்ணீரையும் தாண்டியும், பின்னர் கிளாலிக் கடலில் இரவுப் படகுகளிலும் பொருட்கள் வந்துசேர்ந்தன. பத்திரிகைகள் கோடிட்ட கொப்பித் தாள்களில் அச்சாகிய காலம் அது. குடாநாடு முழுவதும் துவிச்சக்கரவண்டியில் ஏறியிருந்தது. விறகு, நெல்மூட்டை, நோயாளி, பிரேதப்பெட்டி, மணப்பெண் எல்லாமே கரியரில் போயின. செய்தி சேகரிக்க நானும் ஒரு பழைய றலி வண்டியில் அலைந்தேன்.

அக்காலத்தில்தான் கொக்குவில் சைக்கிள் கடைக்காரரை அறிந்தேன். ஐம்பது வயதிருக்கும். அவரை அண்ணை என்றுதான் எல்லோரும் அழைப்போம். ரயரைப் பார்த்ததும் ஒட்டுப்பெட்டியைத் திறக்கமாட்டார். முதலில் சக்கரத்தைச் சுழற்றிவிட்டு, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பின்னாலிருந்து பார்ப்பார். புதிய ரயரின் முதுகு வளைந்திருக்கும். தேய்ந்த ரயரின் முதுகு நடுவில் தட்டையாகிப் பலகைபோல இருக்கும். சுழலும்போது எங்காவது துள்ளினால், உள்ளே நூல் அறுந்து அவ்விடம் புடைத்திருக்கிறது என்று பொருள். பிறகு காற்றை இறக்கிப் பக்கச்சுவரைப் பெருவிரலால் மடிப்பார். வெயிலில் காய்ந்த குளத்து நிலம்போல வெடிப்பு விரிந்தால் தலையை ஆட்டுவார்.

"முள் ஏறினால் அது முள்ளின்ரை பிழை. ஒரு கிழமையிலை மூண்டுதரம் ஏறினால் அது ரயரின்ரை பிழை" என்பார். நெருஞ்சி முள்ளுக்குப் பெயர்போன எங்கள் ஒழுங்கைகளில் இதைவிடச் சுருக்கமாக விடயத்தைச் சொல்லமுடியாது. தடித்த இறப்பர் தாங்கும் முள்ளை மெலிந்த இறப்பர் உள்ளே விட்டுவிடுகிறது.

பின்ரயர்தான் முதலில் தேயும். ஆளின் பாரமும் மிதியின் உந்துதலும் அதன்மேலேயே விழுகின்றன. புதிய ரயரைப் பின்னுக்குப் போட வேண்டும் என்று பலரும் நினைப்பார்கள். அவரோ புதியதை முன்னுக்குப் பூட்டி, முன்னிருந்ததைப் பின்னுக்கு மாற்றுவார். பின்ரயர் வெடித்தால் வண்டி தள்ளாடும், இறங்கிவிடலாம்; முன்ரயர் வெடித்தால் பல்லுப் போகும் என்பது அவர் விளக்கம். நீண்டதூரம் ஓடுவோர் உலகெங்கும் இன்றும் இதையே செய்கிறார்கள்.

புதியதே இல்லாத ஊரில் மாற்றுவது எப்படி? அவர் வெட்டுண்ட ரயரை நைலோன் நூலால் தைத்தார். தேய்ந்து நூல் தெரிந்த இடத்துக்குள், வீசிய ரயரொன்றிலிருந்து வெட்டிய துண்டைக் கொடுத்தார். இவையெல்லாம் தவணை வாங்கும் வேலை. நூல் தெரிந்தபின் அது ரயர் அல்ல, வெறும் உறை என்பதை வாடிக்கையாளரிடம் அவர் மறைத்ததில்லை.

என்னுடைய பின்ரயருக்கு இன்னொரு கேடும் இருந்தது. மின்சாரமில்லாத வீடுகளில் இரவுச் செய்தி கேட்க வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து வானொலிக்கு மின்சாரம் எடுப்போம். பி.பி.சி. தமிழோசை முடியும்வரை அயலவர்கள் முறைவைத்துச் சுற்றுவார்கள். டைனமோவின் சிறு உருளை ரயரின் பக்கச்சுவரை உரசிக்கொண்டேதான் சுழலும். ஓட்டத்தில் முதுகு தேய, செய்தியில் பக்கம் தேய்ந்தது. 1995 ஓகஸ்ட் மாதம் அண்ணை அந்தக் கோட்டில் விரலை வைத்து, "தம்பி, நூல் தெரியுது. இனி இதை நம்பாதை" என்றார்.

என்னிடம் புதிய ரயர் இருந்தது. முந்தைய ஆண்டு, கிளாலியால் வந்தது ஒன்றை ஒரு மாதச் சம்பளத்தில் பெரும்பகுதியைக் கொடுத்து வாங்கிச் சாக்கில் சுற்றி, வீட்டு வளையில் தொங்கவிட்டிருந்தேன். அதைப் பூட்டும்படிதான் அவர் சொன்னார். எனக்கு மனம் வரவில்லை. இதைவிட மோசமான நாள் வரும், அதற்கு இருக்கட்டும் என்று எண்ணினேன்.

ஒக்டோபர் 17 இல் 'ரிவிரச' இராணுவ நடவடிக்கை ஆரம்பித்தது. ஒக்டோபர் 30 மாலையில் வலிகாமத்தை விட்டு வெளியேறும்படி ஒலிபெருக்கிகள் அறிவித்தன. மழை. இலட்சக்கணக்கானோர் ஒரே இரவில் தென்மராட்சியை நோக்கி நகர்ந்ததை எழுதாத யாழ்ப்பாணப் பத்திரிகையாளர் இல்லை. நானும் பலமுறை எழுதியிருக்கிறேன். ஆனால் எழுதாமல் விட்டது ஒன்றுண்டு. அம்மாவைக் கரியரில் இருத்தி, இரு பைகளைக் கைபிடியில் கொழுவிப் புறப்பட்ட அவசரத்தில் வளையில் தொங்கிய ரயரை நான் நினைக்கவேயில்லை. நாவற்குழிப் பாலத்துக்கு இன்னும் தூரமிருந்தது. சனத்திரளுக்கு நடுவே வண்டியைத் தள்ளிக்கொண்டிருந்தபோது பக்கச்சுவர் அந்தக் கோட்டின் வழியே பிளந்தது. வெடித்த சத்தத்தில் அருகே நின்ற பிள்ளைகள் நிலத்தில் விழுந்து படுத்தார்கள். ஷெல் என்று நினைத்துவிட்டார்கள். எவர் முகத்தையும் பார்க்க என்னால் முடியவில்லை.

1941 டிசம்பரில் மலாயாவில் இறங்கிய ஜப்பானியப் படையினர், வெயிலில் ரயர்கள் வெடித்தபோது அவற்றைக் கழற்றி எறிந்துவிட்டு வெறும் றிம்மில் ஓடியதாகவும், இரவில் அந்த இரைச்சலைக் கேட்டுத் தாங்கிகள் வருகின்றன எனப் பிரித்தானியத் தரப்பினர் அஞ்சியதாகவும் போர் வரலாறுகளில் படித்திருக்கிறேன். அந்த இரைச்சல் எப்படிப்பட்டது என்பதை அன்றிரவு அறிந்தேன். எங்கள் வீதியில் அது யாரையும் அச்சுறுத்தவில்லை. எழுபதை நெருங்கிய அம்மா கரியரிலிருந்து இறங்கி, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நடந்தார். கைதடிக்குச் சேர விடிந்துவிட்டது. "ரயர் கிடந்ததே, ஏனடா பூட்டேல்லை?" என்று வழியில் ஒரேயொருமுறை கேட்டார். பிறகு அதைப்பற்றி அவர் பேசியதில்லை.

1996 இன் நடுப்பகுதியில் திரும்பிவந்தபோது வீட்டின் கூரையில் பாதி இருந்தது. வளையில் கயிறும் இருந்தது. சாக்கும் ரயரும் இல்லை. எடுத்தவர் எவராயினும் அதைப் பூட்டி ஓடியிருப்பார். அந்நாட்களில் எவரும் ரயரைத் தொங்கவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை, என்னைத் தவிர. அண்ணையின் கடை திறக்கப்படவில்லை. அவர் வன்னிக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள்.

கொழும்பு இளைஞரின் ரயரில் முதுகு தட்டையாகியிருந்தது, பக்கச்சுவரில் வெடிப்பு விரிந்தது, ஓரிடத்தில் வெள்ளையாக நூல் எட்டிப் பார்த்தது. சம்பளம் வரும்வரை பொறுக்கலாமா என்று கேட்டார். பொறுக்கவேண்டாம் என்றேன். குறைந்த பணத்துக்குக் கடன் கொடுத்து, புதியதை முன்னுக்குப் பூட்டச் சொல்லி அனுப்பினேன்.