தின் கிளையண்ட் முனையங்களின் உட்பொதி இயங்குதளம்

தின் கிளையண்ட் என்பது கணிப்பணியைத் தானே செய்யாத சிறு கணினி. சர்வரில் நடப்பதைத் திரையில் காட்டுவதும், விசைப்பலகையிலும் மவுஸிலும் பயனர் தருவதைச் சர்வருக்கு அனுப்புவதும் மட்டுமே இதன் வேலை. அதற்கு வேண்டாதவை அனைத்தும் கழிக்கப்பட்ட உட்பொதி இயங்குதளமே இதில் ஓடுகிறது. கெர்னல், திரைக்கும் வலையமைப்புக்குமான டிரைவர்கள், ஆர்.டி.பி. அல்லது ஐ.சி.ஏ. போன்ற நெறிமுறையில் சர்வரோடு பேசும் ஒரு நிரல் ஆகியவையே பெரும்பாலும் எஞ்சும். சில நூறு மெகாபைட் முதல் சில கிகாபைட் வரையிலான ஃபிளாஷ் நினைவகத்தில் இது அடங்கிவிடும்.

இவ்வகை இயங்குதளங்கள் இரண்டு வழிகளில் வளர்ந்தன. லினக்ஸ் வழியில், நூற்றுக்கணக்கான சிறு கட்டளைகளை ஒரே கோப்பில் அடக்கிய பிஸிபாக்ஸ் பெரிதும் உதவியது. பழைய கணினிகளையே முனையங்களாக்கும் லினக்ஸ் டெர்மினல் சர்வர் திட்டம் 1999இல் தொடங்கியது. மைக்ரோசாஃப்ட் வழியில், 2001இல் வந்த விண்டோஸ் எக்ஸ்.பி. எம்பெடட் பின்னர் எம்பெடட் ஸ்டாண்டர்டு, ஐ.ஓ.டி. எண்டர்பிரைஸ் எனத் தொடர்ந்தது. சென்னையில் 2000களின் நடுவில் நொவேடியம் நிறுவனம், மேசைக் கணினிச் சிப்புக்குப் பதிலாகக் கைபேசி வகைச் சிப்பை வைத்து நெட்பிசி என்ற மலிவான முனையத்தை உருவாக்கியது. ஐ.ஐ.டி. மெட்ராஸ் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா அதன் நிறுவனர்களில் ஒருவர்.

இத்தகைய முனையங்களின் பயனைக் காண காவிரி டெல்டாவின் திருவாரூர் மாவட்டத்தை எடுத்துக்கொள்ளலாம். அதற்கும் கணினிமயத்துக்கும் பழைய தொடர்பு உண்டு. 1990களின் இறுதியில், சி. உமாசங்கர் ஆட்சியராக இருந்தபோது, தமிழ்நாட்டின் மின் ஆளுமை முன்னோடி மாவட்டமாக அது விளங்கியது; வட்டாட்சியர் அலுவலக நில ஆவணங்கள் கணினிக்கு மாறின. இன்று தின் கிளையண்டைப் பரவலாகக் காணக்கூடிய இடம் பள்ளிகளின் ஹைடெக் லேப். மாநிலம் முழுவதும் 6,029 அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளுக்கு இந்த ஆய்வகங்கள் திட்டமிடப்பட்டன. உயர்நிலைப் பள்ளிக்குப் பத்து, மேல்நிலைப் பள்ளிக்கு இருபது என்பது முனையங்களின் கணக்கு. சர்வர் அதே ஆய்வகத்தில் இருந்தால், வெளி இணையம் அறுந்தாலும் உள்ளே பாடம் நிற்காது.

உட்பொதி இயங்குதளத்தின் தலையாய நன்மை அது வட்டில் எழுதாமல் இருப்பது. சாதாரணக் கணினி ஓடும் நேரமெல்லாம் எதையாவது எழுதிக்கொண்டே இருக்கிறது. அந்த நொடியில் மின்சாரம் போனால் கோப்பமைப்பு சிதையலாம். தின் கிளையண்டில் இயங்குதளம் படிக்க மட்டுமே இயலும் இமேஜாக இருக்கும். மாற்றங்கள் ரேமில் விழுந்து, அணைத்ததும் மறையும். லினக்ஸில் ஸ்குவாஷ்எஃப்எஸ்ஸும் ஓவர்லேயும், விண்டோஸில் ரைட் ஃபில்டரும் இதைச் செய்கின்றன. மின்வெட்டும், யூ.பி.எஸ்.ஸிலிருந்து ஜெனரேட்டருக்கு மாறும் தடுமாற்றமும் வாடிக்கையான டெல்டாவில் இது சிறிய நன்மை அல்ல. 2018 நவம்பர் 16 அதிகாலை கரையைக் கடந்த கஜா புயலுக்குப் பின், திருவாரூர் மாவட்டத்தின் முத்துப்பேட்டை, திருத்துறைப்பூண்டிப் பகுதிகளில் மின்சாரம் திரும்பப் பல நாட்கள் ஆயின.

பென் டிரைவில் வரும் வைரஸுக்கும் இதே அமைப்பே மருந்து. மாணவர் கைபட்டு ஏதாவது மாறினாலும், மறுமுறை இயக்கினால் முனையம் பழைய நிலைக்கு வந்துவிடும். பழுதானால் பெட்டியை மாற்றினால் போதும், அமைப்புகளை, வலையமைப்பு முகவரி வழங்கும் டி.எச்.சி.பி. வழியாகவோ மேலாண்மை சர்வரிலிருந்தோ புதியது எடுத்துக்கொள்ளும்படி செய்யலாம். அதே மாவட்டத்தின் குடவாசல் பக்கத்துப் பள்ளி ஒன்றுக்கு மெக்கானிக் வந்து சேரும்வரை காத்திருக்கும் நாட்களை எண்ணினால், கொள்முதல் விலையில் மிஞ்சுவதைவிட இந்த மிச்சம் பெரிது.

மின்செலவும் குறைகிறது. மானிட்டர் நீங்கலாகத் தின் கிளையண்ட் பொதுவாக 5 முதல் 15 வாட் வரை எடுக்கும். முனையத்துக்குப் 10 வாட் என்றால் இருபதுக்கும் 200 வாட். 60 வாட் எடுக்கும் மேசைக் கணினிகளானால் 1,200 வாட். யூ.பி.எஸ்.ஸின் அளவையே இது மாற்றிவிடும். பல மாதிரிகளில் விசிறி கிடையாது என்பதால் அறுவடைக் காலத்துத் தூசி உள்ளே இழுக்கப்படுவதும் குறைவு.

தமிழைப் பொறுத்தவரை, எழுத்துகள் எங்கே வரையப்படுகின்றன என்பதே கேள்வி. சர்வரில் வரைந்து படமாக வரும் அமைப்பில் எழுத்துருவும் தமிழ்99 விசைப்பலகையும் சர்வரில் இருந்தாலே போதும். முனையத்திலேயே பிரவுசர் ஓடினால் நிலைமை வேறு. இடத்தை மிச்சப்படுத்த எழுத்துருக்களை நீக்கிய இமேஜில் தமிழுக்குப் பதில் வெற்றுக் கட்டங்கள் தோன்றும். கொம்பும் காலும் சரியான இடத்தில் அமர உதவும் எழுத்தமைப்பு நிரலையும் சேர்த்து நீக்கியிருந்தால், எழுத்துரு இருந்தும் சொற்கள் குலையும். வாங்கும்போதே தமிழ்ப் பக்கம் ஒன்றைத் திறந்து பார்ப்பது அவசியம்.

குறைகளும் உண்டு. சர்வர் நின்றால் அத்தனை முனையங்களும் நிற்கும். ஒரே நேரத்தில் இருபது பேர் காணொளி பார்த்தால் சர்வரும் உள் வலையமைப்பும் திணறும். இமேஜைப் புதுப்பிப்பது பெரும்பாலும் தயாரிப்பாளர் கையில் இருப்பதால், அவர் நிறுத்திவிட்டால் பழைய பிரவுசரும் பழைய பாதுகாப்பு நெறிமுறையும் அப்படியே உறைந்துபோகும். நல்ல நிலையில் உள்ள பெட்டியும் புதிய தளங்களைத் திறக்காது. கடிகாரத்துக்கான சிறு பேட்டரி தீர்ந்துபோவதும் அடிக்கடி கவனிக்கப்படாத பழுது. தேதி பல ஆண்டுகள் பின்னே போய்விட, சர்வரின் பாதுகாப்புச் சான்றிதழை முனையம் ஏற்க மறுக்கும். பேட்டரியை மாற்றுவதோடு, இயக்கியதும் வலையமைப்பிலிருந்து நேரத்தை எடுக்கும்படி இமேஜில் அமைத்துவிட்டால் இது தீரும்.