குழாய் உப்பிலிருந்து புல்தரைக்கு

கிளைஃபோசேட் என்ற களைக்கொல்லி செடியைக் கொல்லவென்று பிறந்ததல்ல. 1950-ல் ஹென்றி மார்ட்டின் என்ற சுவிஸ் வேதியியலாளர் ஒரு மருந்துக் கம்பெனியில் அதைத் தயாரித்தார். மருந்துக்கு உதவாது என்று ஓரங்கட்டிவிட்டார்கள். 1964-ல் அமெரிக்காவின் ஸ்டாஃபர் கெமிக்கல் அதற்குக் காப்புரிமை வாங்கியது. கால்சியம், மெக்னீசியம் போன்றவற்றைக் கவ்விப் பிடிக்கும் பொருள் என்ற வகையில். அதாவது, குழாயில் படியும் உப்பை எடுக்கிற ஜாதி. போர்வெல் தண்ணீரில் பக்கெட்டெல்லாம் வெள்ளை பூத்துக் கிடக்கும் சென்னையில் அது அந்த வேலையோடு நின்றிருந்தால் கும்பிட்டு வரவேற்றிருப்போம்.

1970-ல் மான்சாண்டோ கம்பெனியின் ஜான் ஃபிரான்ஸ் அது களையை வேரோடு சாகடிப்பதைக் கண்டார். 1974-ல் அது ‘ரவுண்டப்’ என்ற பெயரில் கடைக்கு வந்தது.

இலையில் பட்டால் வேர்வரை இறங்கும். செடி தனக்கு வேண்டிய மூன்று அமினோ அமிலங்களைத் தயாரிக்கும் வழியை அடைத்துவிடும். அந்த வழி மனிதருக்கும் விலங்குக்கும் கிடையாது. ‘களையைத் தவிர யாருக்கும் ஒன்றும் ஆகாது’ என்ற விற்பனைப் பேச்சு கிளம்பியது இங்கேதான். பாதி உண்மை. பாக்டீரியாவுக்கு அந்த வழி உண்டு. தேனீயின் குடலில் உள்ள நல்ல பாக்டீரியாக்கள் இதனால் குறைவதை டெக்சாஸ் பல்கலைக்கழக ஆய்வு 2018-ல் காட்டியது. இலையில் ஒட்டுவதற்காக ரவுண்டப்பில் சேர்த்த சோப்பு போன்ற பொருள் தலைப்பிரட்டைகளைக் கொன்றதும் ஆய்வில் தெரிந்த விஷயம். ஐப்பசி மழையில் தேங்கும் குட்டைகளில் தவளை முட்டையிடும் ஊர் இது.

இந்தியாவில் இதற்கு அனுமதி தேயிலைத் தோட்டத்துக்கும் பயிரில்லா நிலத்துக்கும்தான். 2022 அக்டோபரில் மத்திய அரசு, பூச்சிக்கட்டுப்பாட்டுத் தொழில் செய்பவர்கள் தவிர வேறு யாரும் இதைத் தெளிக்கக் கூடாது என்று ஆணையிட்டது. ஆனால் அடையாறிலோ மயிலாப்பூரிலோ ஓர் அபார்ட்மென்ட் கூட்டத்தில் “மருந்து அடிச்சுட்டா தலைவலி விட்டது சார்” என்று ஒருவர் சொன்னால், எந்த மருந்து, யார் அடிப்பது என்று எத்தனை பேர் கேட்பார்கள்? வேடிக்கை என்னவென்றால், நம் உப்புத் தண்ணீரில் கலக்கினால் அது பழைய தொழிலுக்கே திரும்பிவிடும். கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு களையைப் பாதிதான் தொடும்.

விஷத்தைவிடப் பெரிய சேதம், களை போனால் வரும் பசி. புல்தரை ஓரத்தில் தானாக முளைக்கும் பருப்புக்கீரையைக் குனிந்து பாருங்கள். சிவந்த தண்டு, கொழுத்த இலை. அதைத் தின்று வளரும் புழுக்களில் ஒன்று டனாயிட் எக்ஃபிளை வண்ணத்துப்பூச்சியின் புழு. ஆண் வண்ணத்துப்பூச்சி கறுப்பு. சிறகில் ஊதா விளிம்பு கட்டிய வெள்ளைப் பொட்டுகள். பெண்ணோ ஆரஞ்சு நிறத்தில் வேறொரு பூச்சியைப் போல வேஷம் போடும். அந்த வேறொரு பூச்சி வெந்தய வரியன். எருக்கிலை தின்று உடம்பில் கசப்பு ஏறியது, பறவைகள் தொடாது. மதில் ஓரத்து எருக்கும் நடைபாதைக் கீரையும் நம் கணக்கில் களை. இரண்டையும் எடுத்துவிட்டால் அசலும் போகும், வேஷமும் போகும். புல்லுக்குள் படரும் அவரை இனச் சிறு செடிகள் போனால் தரையோடு பறக்கும் குட்டி நீலப் பூச்சிகளும் இல்லை. புல் விதை பொறுக்கும் சில்லைக் குருவிக்கும் அங்கே வேலையில்லை.

மான்சாண்டோவை 2018-ல் வாங்கிய பேயர், அமெரிக்க வீட்டுத் தோட்டங்களுக்கு விற்கும் ரவுண்டப்பில் 2023 முதல் கிளைஃபோசேட் இருக்காது என்று 2021-ல் அறிவித்தது. வண்ணத்துப்பூச்சிக்கு இரங்கி அல்ல, ரவுண்டப் மீது தொடுக்கப்பட்ட வழக்குகளுக்குப் பயந்து.

இரண்டு சென்ட் புல்தரைக்கு இவ்வளவு ஊர் சுற்றிய ரசாயனம் தேவையே இல்லை. மழை விட்ட மறுநாள் மண் இளகியிருக்கும்போது களைக்கொத்தியோடு ஓர் ஆளைக் கூப்பிடுங்கள். நடக்கிற இடத்தில் மட்டும் எடுக்கச் சொல்லுங்கள். மதில் ஓரத்தை விட்டுவிடச் சொல்லுங்கள்.